செஞ்சவங்களுக்குத் தனி பாரம்

முதல் தகராறு ஒரு சொல்லோடு.
'கேலிவதை' என்று அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன்
செம்மண்டலம் பள்ளிக்கு.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு
அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
என்னைப் பார்த்தது.
அப்படின்னா என்ன மேடம்?

ஓட்டுறது, என்றான் ஒருவன்.
கலாய்க்கிறது.
வெச்சு செய்யறது.
கடைசி பெஞ்சிலிருந்து, மெதுவாக:
சும்மா மேடம். சும்மா பண்றது.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.
பதினெட்டு வருடம் சமூகப்பணி கற்பித்தவளுக்கு
'சும்மா'வுக்கு ஒரு கட்டம் போடத் தோன்றியதேயில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
கடந்த முப்பது நாளில் உன்னை யாரேனும்
அடித்ததுண்டா, பட்டப்பேர் வைத்ததுண்டா,
சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கி
கழிவறைப் பக்கம் எறிந்ததுண்டா.
இல்லை. இல்லை. இல்லை.
சட்டையில் ஒரு பொத்தானும் மிஞ்சாமல்
மூன்று ஊக்கு குத்தி வந்திருந்தவனும்
இல்லை என்றே டிக் போட்டிருந்தான்,
பேனா மறுபக்கம் துளைக்கும்படி.

மணி அடித்த பிறகு வந்தான் எம்-47.
பெயர் கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி.
விரல் முட்டிகளில் காய்ந்த சிராய்ப்பு.
பை ஒரு தோளில் தொங்க, என்னைப் பார்க்காமல்
மேசையைப் பார்த்துக் கேட்டான்:
செஞ்சவங்களுக்குத் தனி பாரம் இருக்கா மேடம்?

இல்லை.
மீந்திருந்த படிவமொன்றைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தை நீட்டினேன்.
தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தி
நாலே வரி எழுதினான்.

அவன் அழுவான்னு நெனச்சேன்.
அவன் சிரிச்சான்.
அதான் திரும்ப அடிச்சேன்.
அழுதிருந்தா விட்டிருப்பேன்.

யாரிடமாவது சொல்வீர்களா என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை, ஓடிப்போய்
நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

என் பஸ் கெடிலம் பாலத்தில் நின்றுவிட்டது.
முன்னால் கரும்பு லாரி.
கீழே தண்ணீருக்கு மேல் ஆகாயத்தாமரை.

எனக்கும் பி பிரிவுதான், ஒன்பதாம் வகுப்பில்.
குடிகாட்டிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள்.
ஆலைக் காற்றில் காய்ந்த தாவணி,
துவைத்த பிறகும் ஒரு வாடை.
'சிப்காட்டு வருது' என்று
முதலில் மூக்கைப் பொத்தியது நான்.
பிறகு நாற்பது மூக்குகள்.
ஒருநாள் அவளே தன் மூக்கைப் பொத்திக்கொண்டு
எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.
அன்றோடு விட்டேனா என்றால், இல்லை.
அரைப்பரீட்சைக்கு அவள் வரவில்லை.
அதற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும்.
அந்த ஆயிரத்தை எண்ணித்தான்
பல இரவுகள் தூங்கியிருக்கிறேன்.

ஒரு முனைவர் பட்டம்,
இளையோர் வன்முறை பற்றிப் பதினொரு கட்டுரை,
ஆட்சியர் அலுவலகத்தில் பொன்னாடை.
லாரி நகர்ந்து பாலம் முடியும்வரை
அந்தப் பட்டப்பேர்தான் நினைவில் நின்றது.
திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது
படியில் ஒரு காலோடு
பெயர் வந்தது.
அஞ்சலாட்சி.
டிக்கெட்டின் பின்னால் எழுதிவைத்தேன்,
மறுபடி போய்விடுமென்று.

இரவு புதுப் படிவம் அடித்தேன்.
ஒன்று: நீ வைத்த பெயர் என்ன?
இரண்டு: அவருடைய சொந்தப் பெயர் தெரியுமா?
'சும்மா' என்று ஒரு கட்டம்,
பக்கத்தில் 'விவரி', மூன்று கோடு.
மூன்றாம் கேள்வியை நாலு முறை அடித்து
நாலு முறை அழித்தேன்.
எண் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஜெராக்ஸ் கடை.
பழைய படிவத்தையும் புதியதையும்
சேர்த்துப் பிடித்துப் பார்த்தார் கடைக்காரர்.
ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?
ரெண்டு பக்கமும்.
தாளு மெல்லிசு மேடம்,
பின்னால எழுதினா முன்னால தெரியும்,
பரவால்லையா?